புது ஏர் ரைஃபிளின் பேரலை முதல் முறை சுத்தம் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெட்டியைப் பிரித்ததும் ஒரு பெல்லட் போட்டுச் சுட்டுப் பார்க்கத்தான் கை துடிக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைத் துணியை பேரலுக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். நான் இதுவரை கையில் எடுத்த புது ஏர் ரைஃபிள்களில் ஒன்றில்கூட அந்த முதல் துணி வெள்ளையாக வெளியே வந்ததில்லை. மையில் தோய்த்த மாதிரி கறுப்பாக வரும். விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பொடிப்பொடியாக மினுக்கும். மினுக்குவது பேரலைக் குடைந்தபோது உதிர்ந்த இரும்புத்தூள். கறுப்பாக இருப்பது, துருப் பிடிக்காமலிருக்க ஆலையில் தடவிய எண்ணெயும் மெருகேற்றிய கசடும் சேர்ந்த குழம்பு.

இதை அப்படியே விட்டுச் சுட்டால் என்ன ஆகும்? பெல்லட் ஈயத்தால் ஆனது, நகத்தால் கீறினாலே தடம் விழும். அது போகிற வழியில் தூளையும் எண்ணெயையும் அள்ளிக்கொண்டு போகும். எண்ணெய் ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் இருப்பதால் ஒவ்வொரு பெல்லட்டும் ஒவ்வொரு வேகத்தில் வெளியேறும். ‘புதுத் துப்பாக்கி, ஆனால் குறியே நிற்கவில்லை’ என்று வருத்தப்படுகிறவர்களில் பலருக்குத் துப்பாக்கியில் குறை இருப்பதில்லை. உள்ளே அழுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதற்கு டீசலிங் என்று பெயர்.

டீசலிங் பற்றி முதலில்

ட்ரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் காற்று கண் இமைப்பதற்குள் நசுங்குகிறது. அவ்வளவு வேகமாக நசுங்கும் காற்று கடுமையாகச் சூடேறும். அங்கே எண்ணெய் ஆவி இருந்தால் தீப்பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1890களில் உருவாக்கிய இஞ்சின் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான், பெயரும் அங்கிருந்துதான் வந்தது. புதுத் துப்பாக்கியில் முதல் சில குண்டுகளுக்கு மெல்லிய புகையும் எண்ணெய் கருகிய வாசனையும் வருவது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் ‘டப்’ என்று வரவேண்டிய சத்தம் ‘பட்டார்’ என்று வெடிச்சத்தமாக வந்தால், காற்று நசுங்கும் அறைக்குள் எண்ணெய் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்று பொருள். அது பிஸ்டன் சீலைக் கருக்கும், ஸ்பிரிங்கையும் பாழாக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் ஸ்பிரிங் ரைஃபிளை வாங்கிய புதிதில், நிறைய ஊற்றினால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைத்து, பேரலை மேலே நிமிர்த்தி வைத்துக்கொண்டு முன்வாய் வழியாக ஸ்பிரே எண்ணெயை அடித்துவிட்டேன். மறுநாள் முதல் குண்டு காதைப் பிளந்தது. பேரலின் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் புகை. நான்காவது குண்டுக்குப் பிறகு சத்தம் அடங்கிவிட்டது, கூடவே துப்பாக்கியின் வேகமும் அடங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன் சீலின் ஓரம் முழுக்கக் கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஆகவே கீழே நான் சொல்லும் எல்லாவற்றிலும் அடிப்படையாக இருப்பது ஒன்றுதான்: இந்த வேலை எண்ணெயை வெளியே எடுப்பதற்கு. உள்ளே விடுவதற்கு அல்ல, உலோகத்தைத் தேய்ப்பதற்கும் அல்ல.

தோட்டாத் துப்பாக்கி முறை இங்கே உதவாது

தோட்டாத் துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர் யாராவது செம்புப் பிரஷையும் காரமான கரைப்பானையும் நீட்டுவார். அன்போடு மறுத்துவிடுங்கள். அங்கே மருந்து எரிகிறது, கரி படிகிறது, உலோகப் பூச்சு ஒட்டிக்கொள்கிறது. ஏர் ரைஃபிளில் மருந்து எதுவும் எரிவதில்லை, வெறும் காற்றுதான். அதன் பேரல் எஃகும் பெரும்பாலும் சற்று மென்மையானது, பெல்லட்டைச் சுழலவைக்க உள்ளே போட்டிருக்கும் ரைஃப்ளிங் வரிகளும் ஆழமில்லாதவை. கரியை எடுக்கத் தயாரித்த கரைப்பானுக்கு இங்கே கரைக்கக் கரி இல்லை. ஆனால் ரப்பரையும் பாலியூரித்தேன் சீலையும் அது ஒரு கை பார்த்துவிடும்.

என்னென்ன வேண்டும்

முதலில் இழுகயிறு, அதாவது புல்-த்ரூ. 4.5 மில்லிமீட்டர் பேரலுக்கு ஏற்றதை வாங்கலாம், நீங்களே செய்தும் கொள்ளலாம். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு, ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். பேரல் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு நுனியைச் சாய்வாகச் சீவிக் கூராக்குங்கள். மறுநுனியை நெருப்பில் காட்டி, உருகும்போது ஒரு தட்டையான பரப்பில் அழுத்தினால் சின்னக் குமிழ் உருவாகும். அந்தக் குமிழ் பேரலுக்குள் தாராளமாகப் போய்வர வேண்டும், உரசவே கூடாது. துணித்துண்டின் நடுவில் கூர்நுனியால் குத்தி, நரம்பு நெடுக இழுத்துக் குமிழ் வரை கொண்டுவந்தால் துணி அங்கே நின்றுகொள்ளும்.

கிளீனிங் ராடு வைத்திருந்தால் பிளாஸ்டிக் உறை போட்டதோ கார்பன் ஃபைபரோ இருக்கட்டும். வெறும் எஃகு ராடு வேண்டாம். துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினிய ராடும் வேண்டாம், இணைப்புகளின் விளிம்பு உள்ளே உரசும். என் கணக்கில் முதல் சுத்தத்துக்கு ராடே தேவையில்லை.

துணி பழைய பருத்தி பனியனாக இருந்தால் அருமை. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக நாற்பது துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்த பிறகு எண்ணெய்க் கையோடு கத்தரிக்கோலைத் தேடுவது பெரிய தொல்லை.

திரவத்தில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஏர்கன்னுக்கென்றே விற்கும் பேரல் கிளீனர் கிடைத்தால் அதுவே நல்லது. பேலிஸ்டால் எண்ணெயும் ஏர்கன் காரர்கள் நெடுங்காலமாக நம்பிப் பயன்படுத்துவதுதான், அதற்கும் சில சொட்டுகளே போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், அசிட்டோன், பிரேக் கிளீனர், வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே, இவை எதுவும் வேண்டாம். ஒன்று சீலைக் கெடுக்கும், இல்லாவிட்டால் அறைக்குள் கசிந்து எரியும். துப்பாக்கியின் மரக்கட்டையில் உள்ள வார்னிஷையும் சிலது உரித்துவிடும்.

இவற்றோடு காது குடையும் பஞ்சுக்குச்சி, ஒரு சின்ன டார்ச், காகிதத் துண்டு, கையுறை, கண்ணாடி. கையுறையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுப் பேரல் என்றாலும் ஆலையில் சோதனைக்குச் சுட்டிருக்கலாம், துணியில் ஈயம் வரும். ஈயம் உடம்புக்கு நஞ்சு, குழந்தைகளுக்கு மிகவும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். நடுவில் காபி, தின்பண்டம் எதுவும் வேண்டாம்.

தொடங்குவதற்கு முன்

துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். புதுசுதானே என்று விடாதீர்கள். சேஃப்டி போட்டிருக்க வேண்டும், முன்வாய் ஆளில்லாத திசையில் இருக்க வேண்டும், விரல் ட்ரிகர் பக்கமே போகக் கூடாது. முன்வாயில் சைலன்சரோ திருகு மூடியோ இருந்தால் கழற்றிவிடுங்கள். மேலே உறைக்குழல் போட்ட பேரல் என்றால் கையேட்டைப் பார்த்து முன்மூடியைக் கழற்றிய பிறகுதான் துணியை விடவேண்டும். உள்ளே இருக்கும் தடுப்புகளில் துணி மாட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

பிரேக் பேரல், அதாவது பேரலையே மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஸ்பிரிங்கை முழுக்க ஏற்றிய நிலையில் பேரல் மடங்கியிருக்கும்போது ட்ரிகர் தட்டுப்பட்டால் பேரல் அசுர வேகத்தில் திரும்பி மூடிக்கொள்ளும். நடுவில் விரல் இருந்தால் போச்சு. விரல் தப்பினாலும் பேரல் வளைந்துவிடும். அதனால் முழுக்க மடக்கவே வேண்டாம். பேரல் திறந்து, ஸ்பிரிங்கின் கனம் கையில் தெரிய ஆரம்பிக்கும் இடம் ஒன்று உண்டு. அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நரம்பு நுழைய அந்த இடைவெளி போதும். ராடு நுழைய அது போதாது, நான் நரம்பைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சைடு லீவர், அண்டர் லீவர் துப்பாக்கிகளில் லீவரை இழுத்தால்தான் வாய் திறக்கும் என்றால், லீவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேலை செய்வதுதான் பாதுகாப்பு.

படிப்படியாக

முதல் படி, பேரலைச் சாய்த்து வைப்பது. முன்வாய் கீழே, பின்வாய் மேலே. திரவம் ஒரு சொட்டு ஓடினாலும் வெளியேதான் ஓட வேண்டும், காற்று பாயும் துளை பக்கம் போகக் கூடாது. பேரல் நிலையாகப் பொருத்தப்பட்ட துப்பாக்கியில் அந்தத் துளை பின்வாய்க்கு ஒட்டியே இருக்கும் என்பதால் இன்னும் கவனம் தேவை. பிரேக் பேரலில் பின்வாய்க்கும் அறை முகப்புக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை மடித்துச் செருகிவிடுங்கள்.

இரண்டாவது, உலர்ந்த துணி. எடுத்ததுமே திரவத்தைத் தொடாதீர்கள். கூர்நுனியைப் பின்வாயில் நுழைத்து முன்வாய் வழியே வெளியே கொண்டுவந்து, பேரலின் நேர்கோட்டில் ஒரே சீராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் நரம்பு முன்வாய் விளிம்பில் உரசும். அந்த விளிம்புக்குக் கிரவுன் என்று பெயர், பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம். அதில் மயிரிழை அளவு கோணல் விழுந்தாலும் காற்று ஒரு பக்கம் முந்திப் பீய்ச்சும், பெல்லட் மறுபக்கம் சாயும். பின்வாயிலிருந்து முன்வாய்க்கு என்ற திசையை எல்லோரும் வலியுறுத்துவது இதனால்தான். கசடு பொறிமுறைக்குள் போகாமல் இருப்பதும் கூடுதல் லாபம்.

துணி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். இரண்டு விரலால் இழுத்தால் மெல்லிய பிடிப்போடு வர வேண்டும். கையை முறுக்கி இழுக்க வேண்டியிருந்தால் துணியைச் சிறிதாக்குங்கள். முதல் இரண்டு மூன்று முறை, துணிக்குப் பின்பக்கம் ஒரு மெல்லிய நூலைக் கட்டிவிடுவது என் வழக்கம். பாதியில் மாட்டினால் வந்த வழியே பின்னால் இழுத்துவிடலாம். மாட்டிய துணியைச் சுட்டு வெளியே தள்ளிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நான்கைந்து உலர்ந்த துணியிலேயே பாதிக்கு மேல் எண்ணெய் வந்துவிடும். முதல் துணி கறுப்பு, மூன்றாவது சாம்பல். நான்காவதில் ஒன்றைக் கவனியுங்கள்: துணியின் ஓரத்தில் சமமான இடைவெளியில் கோடுகள் பதிந்திருக்கும். அவை ரைஃப்ளிங் வரிகளின் அச்சு. பல ஏர் ரைஃபிள் பேரல்களில் 12 வரிகள் இருக்கும், எண்ணிப் பாருங்கள். அந்தக் கோடுகளின் ஓரத்தில் மட்டும் கறுப்பு நிற்கிறது என்றால் அழுக்கு வரிகளின் மூலையில் தங்கியிருக்கிறது. துணி மட்டும் அதை எடுக்காது, இப்போதுதான் திரவத்துக்கு வேலை.

மூன்றாவது, ஈரத் துணி. ஒரு துணியில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பிறகு அதைக் காகிதத்தில் வைத்து ஒரு பிழி பிழியுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. ஒரு முறை இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக இழுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துணி. கறுப்பு குறைந்து சாம்பலாகி, சாம்பலும் வெளுத்ததும் ஈரத் துணியை இன்னொரு முறை. பெரும்பாலும் இரண்டு சுற்றில் முடிந்துவிடும், மொத்தம் 15 முதல் 20 துணி ஆகலாம். எண்ணெய் மெழுகாக இறுகிப்போன பேரலுக்கு மூன்றாவது சுற்றும் ஒரு நைலான் பிரஷும் தேவைப்படும்.

எங்கே நிறுத்துவது? துணி பளிச்சென்று வெள்ளையாக வரும்வரை இழுத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அவசியமில்லை. அடுத்தடுத்த மூன்று துணிகள் ஒரே மாதிரி வெளிர் சாம்பலாக வந்தால் வேலை முடிந்தது. கடைசித் துணி எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்து வர வேண்டும், அதுதான் முக்கியம். காகிதத்தில் அழுத்திப் பாருங்கள், கறை ஊறவில்லை என்றால் சரி.

நான்காவது, இரண்டு முனைகளையும் பார்ப்பது. பின்வாயைச் சுற்றியுள்ள சீலை உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், இரும்புத்தூள் அங்கே ஒளிந்திருக்கும். சீலில் வெட்டோ பிசிறோ இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து முன்வாய். புதுப் பஞ்சுக்குச்சி ஒன்றை முன்வாய்க்குள் லேசாக நுழைத்து, விளிம்பில் படும்படி சுற்றிக்கொண்டே வெளியே எடுங்கள். விளிம்பில் எங்காவது பிசிர் இருந்தால் பஞ்சு இழை அங்கே சிக்கி நிற்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாததைப் பஞ்சு காட்டிக்கொடுத்துவிடும். அப்படிச் சிக்கினால் நீங்களே உரசிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வாரன்டியில் கேட்க வேண்டிய விஷயம் அது.

ஐந்தாவது, டார்ச். முன்வாய்க்கு எதிரே வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து அதில் வெளிச்சம் அடித்துவிட்டு, பின்வாய் வழியாகப் பாருங்கள். வரிகள் சுருண்டு போவது கண்ணாடி போலத் தெரிய வேண்டும். டார்ச்சை நேராகக் குழலுக்குள் அடித்தால் கண் கூசுமே தவிர எதுவும் தெரியாது.

பி.சி.பி. துப்பாக்கி என்றால்

பி.சி.பி. என்பது சிலிண்டரில் முன்கூட்டியே காற்றை அடைத்துவைத்துச் சுடும் வகை. இதில் காற்றை நசுக்கும் பிஸ்டன் இல்லாததால் மேலே சொன்ன டீசலிங் தொல்லை இல்லை. ஆனால் சிலிண்டரில் 200 பார், சிலவற்றில் 300 பார் வரை காற்று அடைபட்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் பெட்ரோலிய எண்ணெய் காற்றுப் பாதைக்குள் போனால் வெடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே எண்ணெய்ச் சிக்கனம் இங்கேயும் அதே கண்டிப்போடுதான்.

மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்து வையுங்கள். பெல்லட் போடும் இடம் குறுகலாக இருப்பதால், முனையில் வளையம் உள்ள மென்மையான உறையிட்ட இழுகயிறு இங்கே வசதி. வளையத்தை முன்வாய் வழியாக விட்டு, பெல்லட் போடும் இடத்தில் தலைகாட்டியதும் அதில் துணியைக் கோத்து, முன்னால் இழுத்துவிடலாம். திசை மாறவில்லை பாருங்கள், துணி பின்னிருந்து முன்னேதான் போகிறது. வழியில் காற்று வரும் துளையையும் அங்குள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் துணி கடக்கும், அங்கே மட்டும் மெதுவாக இழுங்கள். இரண்டு மூன்று திருகைக் கழற்றினால் பேரலையே தனியே எடுத்துவிடலாம் என்ற மாடல்கள் உண்டு. சௌகரியம்தான், ஆனால் திரும்பப் பொருத்தும்போது ஓ-ரிங் நறுக்கப்பட்டுக் காற்றுக் கசிவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் முறையே அதில் இறங்க வேண்டாம்.

சுடுவதற்கு முன் ஒரு பெல்லட்டைத் தள்ளிப் பாருங்கள்

நீங்கள் செய்தே ஆக வேண்டிய வேலை இல்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வேலை. உறையிட்ட ராடு இருந்து, பின்வாய் நன்றாகத் திறக்கும் வகை என்றால் மட்டும் செய்யுங்கள். ஒரு பெல்லட்டைப் பின்வாயில் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். வரிகளில் ஏறும்போது முதலில் ஒரு தடை, பிறகு வழுக்கிக்கொண்டு போகும். வழி நெடுக ஒரே சீரான பிடிப்பு இருந்தால் நல்ல பேரல். பல பேரல்களில் கடைசிச் சில சென்டிமீட்டரில் மறுபடி இறுகும். அது கோளாறு இல்லை, சோக். பெல்லட் எல்லாம் ஒரே அளவில் வெளியேற வேண்டும் என்று வேண்டுமென்றே முன்வாயைச் சற்றுக் குறுக்கியிருப்பார்கள். நடுவில் எங்காவது திடீரென்று சொரசொரப்பாகப் பிடித்தால் அங்கே இன்னும் அழுக்கு இருக்கலாம், ஈரத் துணியை இன்னொரு சுற்று விடுங்கள்.

வெளியே வந்த பெல்லட்டை எடுத்துப் பாருங்கள். தலையிலும், பாவாடை எனப்படும் அகன்ற பின்பகுதியிலும் வரிகளின் தடம் சுற்றிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்கும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் தடமே இல்லாமலும் இருந்தால் அந்த பெல்லட் உங்கள் பேரலுக்குச் சிறியது. 4.50, 4.51, 4.52 என்று தலை அளவு போட்டு விற்பார்கள், அடுத்த அளவை முயன்று பாருங்கள்.

முதல் ஐம்பது குண்டு

சுத்தம் செய்த கையோடு சுட்டுப் பார்த்து, குரூப், அதாவது குண்டுகள் குறியில் விழும் கூட்டம், பரவுகிறதே என்று மனம் தளராதீர்கள். துடைத்த உலோகத்தில் ஈயத்தின் மெல்லிய பூச்சு ஏறும்வரை பேரல் நிலைக்கு வராது. சிலது 20 குண்டில் அடங்கும், சிலதுக்கு 50 ஆகும். அதுவரை ஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் மிக லேசான பெல்லட்டைத் தவிருங்கள், நடுத்தர எடை போதும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக முகப்பில் போய் இடிக்கும். பேரலைத் துடைக்க விற்கும் ஃபெல்ட் (கம்பளி) பெல்லட் ஒன்றைப் போட்டுச் சுடுவதும் கிட்டத்தட்ட அதே கேடுதான், அது அவ்வளவு லேசு. கட்டைத் திருகுகள் இந்த முதல் ஐம்பதில் தளரும், நடுவில் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். குரூப் பரவுவதற்குப் பாதி நேரம் அந்தத் திருகுதான் காரணம்.

பிறகு எப்போது சுத்தம் செய்வது

குண்டுக் கணக்கு வைத்து நான் செய்வதில்லை. வழக்கமாக நிற்கும் குரூப், அதே பெல்லட்டுக்கு, காற்றில்லாத நாளில், இரண்டு மூன்று முறை தொடர்ந்து விரிந்தால் மட்டும் நான்கு உலர்ந்த துணி. அதிலும் சரியாகவில்லை என்றால் ஒரு ஈரத் துணி. நன்றாகச் சுடுகிற பேரலை நாள் கிழமை பார்த்துத் துடைத்தால் சேர்த்து வைத்த ஈயப் பூச்சு போய்விடும், மறுபடி முதல் ஐம்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மெருகுப் பசையை பிரஷில் தடவி இருபது முறை முன்னும் பின்னும் தேய்க்கச் சொல்லும் முறையும் ஒன்று உண்டு. எஃகுப் பேரலில் ஈயம் கட்டியாக ஒட்டி, எதற்கும் அசையாதபோது அது கைகொடுக்கும். பித்தளைப் பேரலில் கூடவே கூடாது. புதுப் பேரலில் அதற்கு வேலை இல்லை என்பது என் உறுதியான கருத்து. தேய்த்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

நெடுநாள் எடுக்காமல் வைக்கப் போகிறீர்கள், காற்றில் ஈரம் அதிகம் என்றால் எண்ணெய் தொட்ட துணி ஒன்றை இழுத்துவிட்டு, முன்வாய் கீழே இருக்கும்படி வையுங்கள். மறுபடி எடுக்கும் அன்று, சுடுவதற்கு முன் இரண்டு உலர்ந்த துணி. பயன்படுத்திய துணிகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்திவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.